நட்டாயிற்று... தண்ணீர் ஊற்றுவது யார்?

போன மே மாதம் மன்னார்குடி போகிற வழியில் ஒரு டீக்கடை ஓரம் வண்டியை நிறுத்தினேன். எதிர்ச் சாரியில் வரிசையாகப் பன்னிரண்டு இரும்புக் கூண்டுகள். ஒவ்வொன்றிலும் கன்று நட்டவர்களின் பெயர்ப் பலகை. பெயின்ட் இன்னும் மங்கவில்லை. இரண்டு கூண்டில் மட்டும் இலை தெரிந்தது. ஏழில் வெறும் குச்சி. மீதி மூன்றில் குச்சிகூட இல்லை, பார்த்தீனியம் மண்டிக் கிடந்தது.

ஒரு குச்சியைப் பிடித்து லேசாக இழுத்தேன். கையோடு வந்துவிட்டது. அடியில் கறுப்பு பாலித்தீன் பை. நர்சரியிலிருந்து வந்த அதே பை, கிழிக்கப்படவே இல்லை. பையோடு குழிக்குள் இறக்கி மண்ணைத் தள்ளி மூடியிருக்கிறார்கள். உள்ளே வேர்கள் வெளியே போக வழி தேடி, பையின் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி, நூல்கண்டு மாதிரி ஆகியிருந்தன. அடிப்பக்கத்து ஓட்டை வழியாக ஒரே ஒரு வேர் மட்டும் விரல் நீளம் வெளியே வந்து காய்ந்திருந்தது. தப்பிக்கப் பார்த்திருக்கிறது, பாவம்.

அந்த விழாவுக்குப் பந்தல் போட்டிருப்பார்கள். வாழைமரம் கட்டியிருப்பார்கள். பூவாளியைப் பிடித்தபடி படம் எடுத்திருப்பார்கள். நட்டவர்கள் நல்லெண்ணத்தோடுதான் நட்டிருப்பார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் படம் எடுத்த நாள்தான் அந்தக் கன்று கடைசியாகத் தண்ணீர் குடித்த நாள்.

'மரம் வச்சவன் தண்ணி ஊத்துவான்' என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பெற்ற பிள்ளையைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கைக்காகச் சொல்லும் வார்த்தை அது. அந்தப் பழமொழியைச் சொன்னவர்கள் ஒன்றை யோசிக்காமலே ஏற்றுக்கொண்டிருந்தார்கள்: மரத்தை வைத்த கை, அதற்குத் தண்ணீரும் ஊற்றும். அதைத் தனியாகச் சொல்ல வேண்டிய அவசியமே அன்றைக்கு இருக்கவில்லை. இன்றைக்கு நடுவது ஒருவர். ஊற்ற வேண்டியது யார் என்று யாருக்கும் தெரியாது.

எண்ணிக்கை மயக்கம்

இது நம் ஊரின் நோய் மட்டுமல்ல. 2016 ஜூலை 11 அன்று உத்தரப்பிரதேசத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 5 கோடி கன்றுகள் நட்டார்கள். மறு ஆண்டு ஜூலை 2 அன்று மத்தியப்பிரதேசத்தில் நர்மதைக் கரையோரம் 12 மணி நேரத்தில் 6 கோடிக்கும் மேல். 2019 நவம்பர் 11 அன்று துருக்கி நாடு ஒரே நாளில் 1 கோடியே 10 லட்சம் கன்றுகளை நட்டது. அங்கே ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்தில் 3 லட்சத்துக்கும் அதிகமான கன்றுகள் நடப்பட்டுக் கின்னஸ் சாதனையும் ஆனது. மூன்றே மாதத்துக்குள் அந்த நாட்டின் வேளாண், வனத்துறை ஊழியர் சங்கத்தினர் நட்ட இடங்களில் சிலவற்றைப் போய்ப் பார்த்தார்கள். பார்த்த இடங்களில் 90 சதவீதம் வரை பட்டுப்போய்விட்டன என்று அறிவித்தார்கள். நட்ட காலம் தவறு, நட்டவர்களுக்குப் பழக்கமில்லை, தண்ணீர் இல்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அரசு அதை மறுத்தது. யார் கணக்கு சரி என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். நட்ட அன்று எண்ணுவதற்கு ஆயிரம் பேர் இருந்தார்கள், மூன்று மாதம் கழித்து எண்ணப் போனவர்கள் வெகு சிலரே. அதுதான் என்னை உறுத்துகிறது.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் பசுமை இயக்கம் தொடங்கப்பட்டது. மாநிலத்தின் காடும் மரப்போர்வையும் அப்போது 23.7 சதவீதம், அதைப் பத்தாண்டுகளில் 33 சதவீதமாக்குவது இலக்கு. பெரிய இலக்கு, தேவையான இலக்கு. அதற்குக் கோடிக்கணக்கில் கன்று வேண்டும். நர்சரிகளால் கன்று உற்பத்தி செய்துவிட முடியும். இரண்டு கோடைகளை அந்தக் கன்றுகள் தாண்டுமா என்பதுதான் கேள்வி.

இன்னொரு தவறும் வருடா வருடம் நடக்கிறது. அதை யாரும் தவறு என்றே நினைப்பதில்லை. ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் தினம். பள்ளி, கல்லூரி, அலுவலகம் எல்லா இடத்திலும் அன்றைக்கு மரம் நடுவிழா. அடுத்து ஜூலை முதல் வாரம், வன மகோத்சவம். 1950-ல் மத்திய அமைச்சராக இருந்த கே.எம்.முன்ஷி தொடங்கி வைத்த நல்ல வழக்கம் அது. ஜூலையில் வட இந்தியாவில் தென்மேற்குப் பருவமழை கொட்டும், நட்டால் பிடித்துக்கொள்ளும். கன்னியாகுமரி, நீலகிரி, தென்காசி, கோவையின் மேற்குப் பகுதி ஆகியவற்றுக்கும் சரி. தஞ்சாவூருக்கும் ராமநாதபுரத்துக்கும் சென்னைக்கும்? கத்திரி முடிந்து ஒரு வாரமே ஆன ஜூன் 5-ல் இங்கே மண் கொதிக்கும். நம் மாநிலத்துக்குக் கிடைக்கும் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்வது. புரட்டாசிக் கடைசியிலிருந்து கார்த்திகை முன்பாதிக்குள் நட்டால், வானமே இரண்டு மாதம் தண்ணீர் ஊற்றும். கோடை வருவதற்குள் வேர் ஓரளவு இறங்கியிருக்கும். ஜூனில் நட்டால் முதல் நாளிலிருந்தே குடம் தூக்க வேண்டும். தூக்க ஆள் இருந்தால் தாராளமாக நடலாம். இல்லையென்றால், காலண்டரைப் பார்த்து நடுவதை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்து நட வேண்டும்.

நடிகர் விவேக்கை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அப்துல் கலாம் கேட்டுக்கொண்டதை ஏற்று, ஒரு கோடி மரம் என்ற இலக்கோடு ஊர் ஊராகச் சுற்றியவர். 30 லட்சத்துக்கும் மேல் கன்றுகள் நடப்பட்டிருந்த நிலையில் 2021 ஏப்ரல் 17 அன்று மறைந்தார். அந்த வாரம் தமிழ்நாடு முழுக்க அவருக்கு அஞ்சலியாக இளைஞர்கள் கன்று நட்டார்கள். நெஞ்சு நிறைந்தது. ஆனால் அது சித்திரை. பதினைந்தே நாளில் அக்னி நட்சத்திரம். அன்று நட்ட கன்றில் எது நிழல் தருகிறது என்று அந்த இளைஞர்கள் ஒருமுறை போய்ப் பார்த்துவர வேண்டும். பிழைத்திருந்தால் அதுதான் அவருக்கு நிஜமான அஞ்சலி.

மண்ணுக்குக் கீழே நடப்பது

கன்று ஏன் சாகிறது? தண்ணீர் இல்லாமல் என்று எல்லோரும் சொல்வோம். பாதி உண்மை. தண்ணீர் ஊற்றியும் சாகிற கன்றுகள் உண்டு.

நர்சரியில் கன்றுக்குத் தினமும் தண்ணீர் கிடைக்கும், நிழல்வலை இருக்கும். பைக்குள் இருக்கும் ஒரு கைப்பிடி மண்தான் அதன் உலகம். அதைக் கொண்டுவந்து திறந்த வெயிலில் வைக்கிறோம். இலைகள் முன்பைவிட அதிகமாக நீரை வெளியேற்றுகின்றன. வேர்களோ இன்னும் அந்தக் கைப்பிடி மண்ணுக்குள்ளேயே இருக்கின்றன. சுற்றியுள்ள மண் ஈரமாக இருந்தாலும் அது வேருக்கு எட்டாது. அதனால்தான் முதல் மாதம் தண்ணீரைத் தண்டை ஒட்டி, அந்த வேர்மண் நனையும்படி மெதுவாக ஊற்ற வேண்டும். குழியைச் சுற்றி மட்டும் ஊற்றிவிட்டுப் போனால், பக்கத்தில் சாப்பாடு இருந்தும் கை எட்டாத கைக்குழந்தையின் நிலைதான் அதற்கு.

ஒரு மாதம் போனதும் இதை மாற்ற வேண்டும். தண்டிலிருந்து சற்றுத் தள்ளி வட்டப்பாத்தி போட்டு, அதில் நிரம்ப ஊற்ற வேண்டும். தினம் ஒரு சொம்பு என்பது கன்றுக்குச் செய்யும் கெடுதல். மேல்மண் மட்டும் நனைவதால் வேர் ஈரம் இருக்கும் இடத்திலேயே படர்ந்துவிடும், கீழே இறங்காது. வாரத்தில் இரண்டு முறை ஒரு பெரிய வாளி நிறைய ஊற்றினால் தண்ணீர் ஆழத்துக்குப் போகும், வேரும் அதைத் துரத்திக்கொண்டு போகும். மணல் பூமியில் இடைவெளி குறைய வேண்டும், களிமண்ணில் கூட வேண்டும். காவிரிப் படுகையின் களிமண்ணில் தாகத்தால் சாகும் கன்றுகளைப் போலவே, ஐப்பசியில் குழிக்குள் தண்ணீர் தேங்கி வேர் மூச்சு முட்டிச் சாகும் கன்றுகளும் உண்டு. அங்கே மழைக்காலத்தில் தண்டைச் சுற்றி மண்ணை மேடாக அணைக்க வேண்டும். பொங்கல் கழிந்ததும் அதே மேட்டைக் கலைத்துப் பாத்தியாக்க வேண்டும்.

பை விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன். ரொம்ப நாள் நர்சரியில் கிடந்த கன்றின் வேர் பைக்குள் வளையமாகச் சுற்றியிருக்கும். பையைக் கிழித்து எடுப்பது மட்டும் போதாது. அந்த வளையங்களைக் கத்தியால் இரண்டு மூன்று இடத்தில் கீறிவிட வேண்டும். இல்லையென்றால் மரம் வளரும், பூக்கும், பத்து வருடம் நன்றாகவே நிற்கும். அதன்பின் தன் வேரே தன் கழுத்தை நெரிக்கும், அல்லது ஒரு புயலில் மொத்தமாகச் சாயும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னை ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. விழுந்த மரங்களின் அடியை அன்றைக்குப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எத்தனையோ மரங்களுக்குத் தட்டு மாதிரிதான் வேர் இருந்தது. காற்று பலமானதுதான். கான்கிரீட்டுக்கு நடுவே சின்னக் குழி, அதில் மேலோட்டமான தண்ணீர், பக்கத்திலேயே வடிகாலுக்கும் கேபிளுக்கும் தோண்டிய பள்ளங்கள். இப்படி வளர்ந்த மரத்தைக் காற்று மட்டும் சாய்க்கவில்லை.

குடம் தூக்கும் கை

திருவாரூர் பக்கம் ஒரு கிராமத்துச் சாலையில் நூறு நாள் வேலையில் கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றும் ஓர் அக்காவைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் தென்னையையும் மாவையும் வேரோடு சாய்த்துவிட்டுப் போன பகுதி அது. அவர் பொறுப்பில் புங்கன், நாவல், பூவரசு கலந்து ஒரு வரிசை. முதலில் நடப்பட்டவை இப்போது அவர் தலைக்கு மேல் நிழல் தருகின்றன. போன வருடம் நட்டவை இடுப்பளவு.

அவர் உடனே தண்ணீர் ஊற்றவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு, பாத்தியில் மூடியிருந்த தென்னை மட்டையை விலக்கி, ஆள்காட்டி விரலை மண்ணுக்குள் விட்டார். இரண்டாம் கணு வரை போயிற்று. எடுத்துப் பார்த்தார். விரலில் மண் ஒட்டியிருந்தது. "இதுக்கு இன்னிக்கு வேணாம் தம்பி. நாளைக்கு ஊத்திக்கலாம்" என்று மட்டையை மறுபடி மூடிவிட்டு அடுத்த கன்றுக்குப் போனார். அதற்கு முழுக் குடம் கிடைத்தது. வரிசை முழுக்க இதேதான். யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்று அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது.

மட்டை எதற்கு என்று கேட்டேன். "வெயிலு மண்ணைக் குடிக்காம இருக்க" என்றார். மூடாக்கு பற்றி இதைவிடச் சரியாக நான் எங்கும் கேட்டதில்லை. தென்னை மட்டை, கரும்புச் சோகை, காய்ந்த இலை, வைக்கோல் எதுவானாலும் சரி. மண் வெறுமையாக இருக்கக் கூடாது. தண்டோடு ஒட்டாமல் நான்கு விரல் தள்ளிப் போட வேண்டும், ஒட்டினால் கரையான் ஏறும். மக்காத எருவைக் குழியில் போட்டாலும் கரையான் வரும். அதற்கு அந்த அக்கா குழிக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு போடச் சொல்கிறார்.

அவருடைய பெரிய கவலை வெயில்கூட இல்லை, ஆடுகள். பூவரசு இலை ஆட்டுக்கு உயிர். நுனியை ஒருமுறை கடித்துவிட்டால் கன்று ஒரு வருடம் பின்னால் போய்விடும். புங்கன் இலையை ஆடு அவ்வளவாக விரும்பாது. அதனால் சாலைப் பக்கம் புங்கன், உள்பக்கம் பூவரசு என்று வைக்கச் சொன்னாராம். எல்லாக் கன்றையும் சுற்றிக் கருவை முள் கட்டியிருந்தார். இரும்புக் கூண்டு கிடைக்காத ஊரில் முள் போதும். கூண்டு வைத்தாலும் அதைக் கழற்றும் நாளைக் குறித்து வைக்க வேண்டும். நகரத்துச் சாலைகளில் கம்பி வளையம் மரத்துக்குள்ளேயே புதைந்து, பட்டை அதை விழுங்கி நிற்கும் காட்சியை எத்தனையோ இடத்தில் பார்க்கிறோம். முட்டுக்கொம்பும் அப்படித்தான். இறுக்கிக் கட்டக் கூடாது. காற்றில் கொஞ்சம் ஆடினால்தான் தண்டு கெட்டிப்படும். கயிற்றை எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டி, ஒரு வருடத்தில் கொம்பை எடுத்துவிட வேண்டும்.

இந்த அக்காவின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. கன்று நட்டவர்களின் பெயர்தான் இருக்கிறது. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது.

கர்நாடகத்தில் ஒரு பெண்ணுக்கு அந்தப் பெயர் கிடைத்தது. ஹுலிகல்லுக்கும் குதூருக்கும் இடையே உள்ள சாலையில் ஆலமரங்களை வளர்த்த திம்மக்கா. பிள்ளை இல்லாத அவரும் கணவர் சிக்கையாவும் முதல் வருடம் நட்டது பத்தே கன்றுகள். இரண்டாம் வருடம் பதினைந்து. மூன்றாம் வருடம் இருபது. மழைக்காலத்தில் நட்டார்கள். கிலோமீட்டர் கணக்கில் குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். மாடு கடிக்காமல் முள்வேலி கட்டினார்கள். அந்த வரிசை 385 மரங்களாக வளர்ந்தது. கன்னடத்தில் 'சாலுமரத' என்றால் வரிசை மரம். அதுவே அவர் பெயருக்கு முன் பட்டமாயிற்று. 2019-ல் பத்மஸ்ரீ வந்தது. அவர் கதையை எல்லா மேடையிலும் சொல்கிறோம். அந்தப் பத்து, பதினைந்து, இருபதை மட்டும் விட்டுவிடுகிறோம். தன்னால் எத்தனை குடம் தூக்க முடியுமோ அத்தனை கன்றுதான் நட்டார் அவர்.

நம் சங்க இலக்கியத்திலும் இப்படி ஒரு மரம் உண்டு. நற்றிணையில், விளையாட்டாக மணலில் புதைத்துவிட்டு மறந்த புன்னை விதை முளைத்துவிடுகிறது. அதைப் பாலும் நெய்யும் ஊற்றி வளர்க்கிறார்கள். தாய் அதை மகளுக்குத் தங்கை என்றே சொல்லி வளர்க்கிறாள். விதைத்ததை மறந்தார்கள், வளர்த்ததை மறக்கவில்லை. நாம் இப்போது நேர் எதிராக இருக்கிறோம்.

பனைக்கு மட்டும் இதில் விலக்கு தரலாம். பனங்கொட்டை முளைவிட்டதும் முதலில் கீழேதான் போகும். ஈரத்தைத் தேடிப் பிடித்துக்கொண்ட பிறகே மேலே இலை காட்டும். ஏரிக்கரையில் மழைக்கு முன் விதைத்துவிட்டால் பெரும்பாலும் அதுவே பார்த்துக்கொள்ளும். தண்ணீர் ஊற்ற ஆளே இல்லாத ஊர்க்காரர்கள், வெட்கப்படாமல் பனை விதைக்கலாம்.

எப்போது எண்ணுவது?

கன்றின் விலை சொற்பம். குழி தோண்ட அதைவிடக் கூடுதலாகும். மூன்று வருடம் தண்ணீர் வண்டி ஓட்டவும் முள் கட்டவும் களை எடுக்கவும் ஆகும் செலவுதான் பெரியது. நம் திட்டங்களில் காசு போவது தலைகீழாக. கன்று வாங்கவும் விழா நடத்தவும் பணம் இருக்கும், இரண்டாம் கோடைக்குக் கையில் ஒன்றும் இருக்காது. மரம் நடும் எந்த ஒப்பந்தத்திலும் கடைசித் தவணைப் பணத்தை மூன்றாம் வருட முடிவில், உயிரோடு இருக்கும் கன்றுகளை எண்ணிய பிறகே கொடுக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். சாலையை அகலப்படுத்த ஒரு புளியமரத்தை வெட்டிவிட்டு, ஈடாகப் பத்துக் கன்று நட்டோம் என்று காட்டும் கணக்கும் அப்படித்தான் சரிபார்க்கப்பட வேண்டும். எழுபது வருடப் புளியமரத்துக்கு ஈடு பத்துக் கன்று அல்ல. பத்தும் பிழைத்தாலும் ஈடாக ஒரு தலைமுறை ஆகும். பிழைக்காவிட்டால் அது வெறும் காகிதம்.

நகரத்தில் இன்னொரு வேலை இருக்கிறது. மரத்தடி வரை கான்கிரீட் பூசுவதை நிறுத்த வேண்டும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் வரை கான்கிரீட்டை அகற்றச் சொல்லி உத்தரவிட்டது. நம் ஊர் நடைபாதைகளில் தண்டைச் சுற்றி ஒரு சாண் மண்கூட இல்லாத மரங்களை எங்கும் பார்க்கலாம். அங்கே எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் சாக்கடைக்குத்தான் போகும்.

பள்ளிக்கூடங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆறாம் வகுப்பில் பிள்ளை நட்ட கன்று, அதே பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்துப் போகும்போது நிழல் தர வேண்டும். அதற்கு ஐம்பது கன்று வேண்டாம், ஐந்து போதும். மே மாத விடுமுறையில் யார் ஊற்றுவது என்பதை நடும் அன்றே எழுதி ஒட்டிவிடுங்கள். பள்ளிக் கன்றுகள் பெரும்பாலும் சாவது அந்த ஒரு மாதத்தில்தான்.

கடைசியாக உங்களுக்கு. போன வருடமோ அதற்கு முந்தின வருடமோ நீங்களும் எங்காவது ஒரு கன்று நட்டிருப்பீர்கள். இந்த வாரம் அங்கே போங்கள். இலை உதிர்ந்து குச்சியாக நின்றாலும் செத்துவிட்டது என்று திரும்பிவிடாதீர்கள். தண்டின் அடியில் விரல் நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. அன்று மாலையே இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, அடியில் கொஞ்சம் சருகு போட்டு மூடிவிட்டு வாருங்கள். மூன்று நாள் கழித்து மறுபடி போங்கள்.